வலது காது

அழைப்பு நான்கு நிமிடம் பதினொரு விநாடி நீடித்தது.

ரபாப் பதிவைக் கணினியில் சேமித்தாள். அவள் கணவன் முதன்னா கடத்தப்பட்டு ஐந்து நாள் ஆகிறது. கடத்தியவன் இணையம் வழியாக மட்டுமே பேசுகிறான்.

"இந்தத் தடவையாவது அவன் குரல் விழுந்துச்சா?" என்றாள் நாத்தனார் இந்திஸார். "போன தடவை உன் ஒப்பாரி மட்டும்தானே பதிவாச்சு! அதை வச்சு போலீஸ்காரன் என்ன பண்ணுவான், கூடச் சேர்ந்து அழுவானா?"

"இப்ப ரெண்டு பக்கமும் விழுந்திருக்கும் மதினி. என் பேச்சு இடது காதுல, அவன் பேச்சு வலது காதுல."

செய்தி கேட்டதுமே டைக்ரிஸ் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓடிவந்தவள் இந்திஸார். ரபாபுக்குச் சோறு ஊட்டுவதும் அவள்தான்.

ரபாப் ஹெட்போனை மாட்டி, இடது பக்க ஒலியை நிறுத்தினாள். அவளுடைய அழுகை மறைந்தது. வலது காதில், வாயில் துணியைப் பொத்திய குரல் மிரட்டியது. அந்தக் குரலுக்குப் பின்னால், கேஸ் விற்பவன் ஒருவன் சிலிண்டரை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே தெருவில் வரும் சத்தம் கேட்டது. தட்டல் மிரட்டுகிறவனின் வாசலில் நின்றது.

"உம்மு ஸர்மத்! சிலிண்டர் இறக்கவா?"

மிரட்டிய குரல் சட்டென்று அடங்கியது.

ரபாப் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டாள். உம்மு ஸர்மத். ஸர்மதின் தாய். இந்திஸாரை அவள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐந்து நாளாக அந்த வீட்டில் மகன் மட்டும்தான் இருக்கிறான்.

இந்திஸார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மூஞ்சி ஏண்டி இப்படி வெளுத்துப்போச்சு? என் தம்பி உயிரோட இருக்கானா இல்லையா, சொல்லு!"