எந்த ஊர்க் கொடி?

பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவரின் வாயிலிருந்து பிரெஞ்சு மட்டுமே வந்தது. அன்றுதான் அந்த வார்டுக்கு வந்த டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கட்டிலருகே ஓர் அம்மாள் தன் போனில் ஒவ்வொரு கொடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவரின் நாட்டைக் கண்டுபிடிக்க யாரோ உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"நீலம், வெள்ளை, சிவப்பு. இதுவா?"

பெரியவர் இல்லையென்று தலையாட்டினார்.

"மஞ்சள்ல சிவப்புச் சேவல்?"

அதுவும் இல்லை.

"முதல் கொடி மாதிரியேதான், ஆனா நீலத்துல மஞ்சள் நட்சத்திரம்?"

பெரியவர் சட்டென்று அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காடியர் கொடி. கனடாவுல பிரெஞ்சு பேசற ஜனங்களாம்," என்று அம்மாள் படித்தார்.

"அப்பாடா, கனடாக்காரரா? தூதரகத்துக்குச் சொல்லிடலாம்."

"இவர் கடல் தாண்டினதே இல்ல டாக்டர். என் வீட்டுக்காரர்."

டாக்டர் விழித்தார். "அப்ப இந்தக் கொடியெல்லாம் எதுக்கு?"

"எங்க பொண்ணு பிரெஞ்சுக்காரங்க பக்கம் ஒருத்தரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டேன். வாதம் வந்ததும் தமிழ் வாயில வராம பிரெஞ்சு வருது; அப்பதான் தெரிஞ்சுது, இவர் எனக்குத் தெரியாம அவகிட்ட பேசிட்டிருந்திருக்கார்னு. எந்த ஊருன்னாவது தெரியணுமே."

அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, பொண்ணுகிட்ட நம்ம பாஷையிலயே பேசலாமே. பிரெஞ்சு எதுக்குக் கத்துக்கிட்டீங்க?"

கேட்டு முடிக்கும்போதே அம்மாளின் குரல் மாறிவிட்டது.

"பேரனா, பேத்தியா?"

பெரியவர் இரண்டுக்கும் தலையாட்டி, இரண்டு விரல்களைக் காட்டினார்.