இருபத்தைந்து நிமிடம்

ஆயுளில் முதல்முறையாக ஒரு குற்றம் செய்யத் துணிந்த சதீஸ்குமார், சுடச்சுட இரண்டு ரோல்ஸை வாங்கிக்கொண்டு, கண்டி நகரின் நடுவில் இருக்கும் தன் அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறினான்.

எல்லாவற்றுக்கும் காரணம் வாசலில் இருந்த பழைய கம்ப்யூட்டர்தான். காலையில் வந்ததும் அதனோடு பொருத்தியிருக்கும் கருவியில் விரலை வைக்க வேண்டும். எட்டரை தாண்டினால் பெயர் சிவப்பில் விழும். முன்பெல்லாம் வரவுப் புத்தகத்தில் எட்டரைக்குச் சிவப்புக் கோடு கிழித்த சந்திரிகா மெடம், கருவி வந்த பிறகும் தன் சிவப்புப் பேனையைக் கைவிடவில்லை. பட்டியலை அச்சடித்து, சிவப்புகளைச் சுற்றி வட்டம் போட்டு, ஆளைத் தனியே அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏசுவார்.

சதீஸ்குமார் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வருகிறவன். எட்டு இருபதுக்கு வரவேண்டிய ரயில், மனம் வந்தால்தான் எட்டே முக்காலுக்காவது வரும். மூச்சிரைக்க அவன் உள்ளே நுழையும்போது மற்ற எல்லோரும் தத்தம் கதிரைகளில் இருப்பார்கள். மெடமும் பேனையும் கையுமாக இருப்பார். இத்தனை ஒழுங்கானவர்களுக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் இப்படி என்று அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த மாதம் ஒன்பது வட்டம் விழுந்துவிட்டது. பத்தாவது விழுந்தால் எங்கேயோ தூரத்திலிருக்கும் மொனராகலைக்கு இடமாற்றம் என்று மெடம் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி துஷானிக்கு இது எட்டாம் மாதம். மொனராகலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவர முடியுமா?

அப்போதுதான் கடவுள் கண் திறந்தார். செவ்வாய்க்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. அலுவலகமே துக்கம் விசாரித்தது. சதீஸ்குமாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனதுக்குள் பால்சோறு பொங்கினான்.

புது டிஸ்க் போட மடவளையிலிருந்து ஸாகி நானா வந்திருந்தார். விரல் படிக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இன்னொரு பெயரும் அவருக்கு உண்டு: கேட்டதைக் கேட்டபடி செய்துகொடுப்பார், ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கட்லட் பார்சல், ஒரு போத்தல் கித்துள் பாணி எல்லாம் இருந்தன. மனிதருக்கு நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சதீஸ்குமார் ரோல்ஸையும் அதனருகில் வைத்தான். திரையில் ஒரு நீலக் கோடு நத்தை போல ஊர்ந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா நானா?"

"இன்னம் இல்ல ஸேர். டிஸ்க் புதுசு. இது எந்த வருஷம்னு கூட அதுக்குத் தெரியாது. நாமதான் திகதி, நேரம் எல்லாம் சொல்லிக் குடுக்கணும்."

சதீஸ்குமார் அக்கம்பக்கம் பார்த்தான். குரல் தானாகவே இறங்கியது.

"அந்த நேரத்த ஒரு இருவத்தஞ்சு நிமிஷம் கொறச்சுப் போட்டுடுங்க நானா. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். யாராச்சும் கேட்டா, பழைய மெஷின், உள்ளுக்கு பற்றறி வீக்குன்னு சொல்லிறலாம்."

ஸாகி அவனை ஒருதரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்தவற்றுக்குக் கீழே 25 என்று குறித்துக்கொண்டார்.

"செஞ்சி தாரேன். ஆனா ஆர்கிட்டயும் வாய் தொறக்க வாணாம்."

மாலையில் வேலை முடிந்தது. மெடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு திரையின் முன்னால் நின்றார்.

"நேரமெல்லாம் சரியா வச்சீங்களா?"

"மெடம் சொன்ன மாதிரியே வெச்சிருக்கேன். காலையில ஆன் பண்ணினாச் சரி."

மெடம் தலையசைத்துவிட்டுப் போனார். சதீஸ்குமார் அன்று ரயிலில் நின்றபடியே நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் ரயில் தன் புத்தியைக் காட்டியது. ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து அவன் படியேறியபோது கைக்கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தைந்து. கணக்குச் சரி. சரியாக எட்டரை விழும். கந்தசுவாமியை நினைத்துக்கொண்டு விரலை வைத்தான்.

திரையில் அவன் பெயர் வந்தது. பக்கத்தில் நேரம்: அதிகாலை 5.10.

அவனுக்குத் தலை சுற்றியது. அந்த நேரத்துக்கு அவன் ஏறும் ரயில் நாவலப்பிட்டியை விட்டே புறப்பட்டிருக்காது! பாவி நானா, ரோல்ஸைத் தின்றுவிட்டு இப்படிக் கழுத்தறுத்துவிட்டாரே. யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். ஒருவரும் நிமிரவில்லை. எப்போதும் வம்பளக்கும் பக்கத்து மேசை பளீலும் நிஷாந்தினியும்கூட ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"சதீஸ்குமார், உள்ள வாங்க."

மெடத்தின் குரல். உள்ளே போனான். மேசையில் அன்றைய பட்டியல். பக்கத்தில் மூடி கழற்றிய சிவப்புப் பேனை. பட்டியல் அப்படியே கொழும்புத் தலைமையகத்துக்குப் போகும் என்பதும், மொனராகலைக்குக் கண்டியிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"கதவச் சாத்துங்க."

சாத்தினான். "மெடம்... அது வந்து... பழைய மெஷின்... பற்றறி வீக்கா இருக்கும்..."

மெடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மேசைக்கு மேலால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் அவர் கேட்டார்:

"பற்றறியாவது ஒண்ணாவது, நான் ஸாகிகிட்ட ஒரு மணித்தியாலந்தான் கொறைக்கச் சொன்னேன், மிச்சம் ரெண்டே முக்கால் மணித்தியாலம் யார் யார் சொன்னது?"