நாற்பத்து நான்காவது ஆள்

1994இல் மனைவி இறந்த பிறகு, அமிர்தநாதர் சனிக்கிழமைகளை ரொறன்ரோ நூலகத்தின் மைக்ரோஃபிலிம் அறையிலேயே கழித்தார். ஸ்பானியர் ஆண்ட காலத்து எல்லைக் கிராமம் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பாலைவன ஓரத்து அந்த ஊரின் தேவாலயச் சுவாமியார், ஆண்டுதோறும் பாஸ்கா திருநாள் காலத்தில் பதிவேட்டில் வீடு வீடாகப் பெயர் எழுதிக் கீழே தொகை போடுவார். பெயர்கள் நாற்பத்து மூன்று. தொகை நாற்பத்து நான்கு. அவர் அதுவரை வாசித்த ஆறு ஆண்டுகளும் அப்படித்தான்.

நகரின் மல்வேர்ன் பகுதியில் இருந்த தங்கை கிறிஸ்ரினாவிடம் தொலைபேசியில் சொன்னார்.

“சுவாமியார் தன்னையும் எண்ணியிருப்பார், அண்ணை.”

“அவரின்ரை பேர்தான் முதலாவதாக் கிடக்கு.”

“செத்த சனத்தை எண்ணினது காணும், விடுங்கோ. ஞாயிறு வாங்கோ, கூழ் காய்ச்சுறன்.”

“பாப்பம்,” என்றார். போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைசிச் சுருளைப் போட்டார். கிணறு வற்றியதால் ஊரே புறப்படத் தயாராகியிருந்தது. சுவாமியார் எழுதியிருந்தார்: ‘நாற்பத்து நான்காவது ஆள் இன்னும் எங்களை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லை. காத்திருக்கிறோம்.’

அடுத்த பக்கத்திலும் அதே வரிகள். பெயர்கள் மட்டும் நாற்பது. அதற்கடுத்த பக்கத்தில் முப்பத்தைந்து. குழந்தைகளின் பெயர்கள்தான் முதலில் இல்லாமல் போயிருந்தன.

அமிர்தநாதர் இயந்திரத்தின் விளக்குச் சுவிச்சில் கையை வைத்தார். அணைத்தால் அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். டோர்செட் பார்க்கில் இருந்த தன் வீட்டில் அவருக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை.

பிறகு கையை எடுத்து, அடுத்த பக்கத்துக்குச் சுருளைத் திருப்பினார்.