காய் வைக்காத அரளி

குழந்தை இறந்த வருடம் சாலம்மா அரளி விதையை அரைத்துக் குடித்து, எப்படியோ பிழைத்தாள். அதன்பின், நாற்றுப்பண்ணை வைத்திருந்த அவள் கணவன் மாதையன் வீட்டுப் பக்கம் அரளியை அண்டவிடவில்லை. பண்ணையின் கடைக்கோடியில் மட்டும் வருடக்கணக்காக ஓர் அரளிச் செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தொட்டுவைத்துக்கொண்டிருந்தான். எதற்கென்று அவள் கேட்டதில்லை. இன்று காலை, சந்தன நிறத்தில் அடுக்கடுக்காகப் பூத்த ஒரு செடியைத் தூக்கிவந்து அவள் முன்னால் இறக்கினான்.

“புது ரகம். பூக்கும், காய் வைக்காது.”

“இலையிலயும் வெசந்தானே இருக்கு?”

“இருக்கு. என்னால காயைத்தான் நிறுத்த முடிஞ்சுது, சாலா.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலம்மா ஒரு பூவை விரலால் தொட்டாள்.

“வாசல்லயே குழி வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் மொண்டுவரப் போனாள்.