யாரும் வாங்காத நாவல்

"இப்படி ஒரு திகில் நாவலை யாருமே கண்டுக்காம விட்டது அநியாயம்," என்றாள் மாலீ அக்கா. "படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

"போங்கக்கா! நம்புற மாதிரியா இருக்கு?" என்று சிரித்தான் தனாவத். "புருஷன் தினமும் தன் கையாலயே வில்வப்பழச் சாறு கொடுப்பானாம், பொண்டாட்டி கொஞ்சம் கொஞ்சமா சாவாளாம், ஊர்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வராதாம்!"

எனக்கு முடிவுதான் பிடிக்கவில்லை. "அவ கோப்பையைக் கையில வாங்குறதோட கதை நிக்குது. அப்புறம் என்னதான் ஆச்சு?"

விச்சித் அண்ணன் எங்களிடம் வந்தார்.

"கதை எப்படி? நான் இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டலை. என் பொண்டாட்டி பிரானி ஆசையா எழுதினா, விலைக்கு ஒருத்தரும் வாங்கலை. அதான், நம்ம வழக்கப்படி சாவுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கிற புத்தகமா அவளோடதையே அச்சடிச்சு, சடங்கோட முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்துட்டேன்."

மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். கோயில் தகனக் கூடத்தின் புகைபோக்கியிலிருந்து பிரானி புகையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வாடிப்போயிட்டீங்களே. குடிங்க, நானே போட்டது."

அவர் நீட்டிய தட்டில் மூன்று கோப்பை வில்வப்பழச் சாறு.