இருசம்மாள் கேட்ட ஓட்டு

எங்கள் தொகுதியில் ஜெயிக்கிற கட்சிதான் டெல்லியில் ஆட்சிக்கு வரும். இதுவரை தப்பியதே இல்லை.

இந்த முறை நின்றவர் முன்னாள் மந்திரி தாமோதரன். மீனவர்கள் வாழும் கோட்டைக்குப்பத்தில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் இருசம்மாள்.

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா?" என்று தம்பி கோதண்டம் கத்தினான். "மந்திரியா இருந்தப்ப, முகத்துவாரத்தைத் தூர் வாரறேன்னு ஏமாத்துனவன் அவன். அங்க சேர்ந்த மணல் திட்டுல மோதித்தானே உன் புருசன் படகு கவுந்து செத்தாரு?"

"அவரு ஜெயிக்கணும்டா."

தாமோதரனுக்கே நம்ப முடியவில்லை. "என் மேல கோவம் இல்லியாம்மா?"

"நீங்க ஜெயிச்சா போதும்யா."

ஜெயித்தார். டெல்லியிலும் அவர் கட்சிதான். மாலையும் கழுத்துமாக நன்றி சொல்ல வந்தவரை, இருசம்மாள் நேராகக் கோதண்டம் துடுப்போடு காத்திருந்த படகுக்கு அழைத்துப் போனாள்.

"படகு எதுக்கும்மா?"

"டச்சுக்காரன் காலத்து வழக்கம்யா. புதுசா பதவிக்கு வர்றவரு முகத்துவாரத்தைத் தாண்டிப் போயி, கடலுக்குக் கற்பூரம் காட்டணும். ஒருத்தரு மாட்டேன்னுட்டாரு. டெல்லியில ஆட்சியே கவுந்து போச்சு."

கட்சிக்காரர்கள் பதறிவிட்டார்கள். "ஏறுங்க தலைவரே!" என்று அவர்களே தூக்கி உட்கார வைத்தார்கள்.

எதிரே மணல் திட்டின் மேல் ஆள் உயரத்துக்கு அலை எழுந்து உடைந்தது. தாமோதரன் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"லைஃப் ஜாக்கெட் இருக்காம்மா?"

"அதுவும் நீங்க தர்றேன்னு சொன்னதுதான்யா" என்றபடி, இருசம்மாள் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.