பதினோரு வெடி

பன்னிரண்டு குழிக்குத் திரி வைத்துவிட்டு, பதினொன்றுதான் வெடித்தது என்கிறான் சென்றாயன். ஒருநாள் இருநாள் இல்லை, பத்து நாளாக இதே பாட்டு.

கொல்லிமலைக்கு ரோடு போடுகிற வேலை. தினமும் காலை பத்து மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பவன் அவன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் எவரும் பாறைப் பக்கம் போகக் கூடாது, சர்க்கார் விதி. அரை மணி கழித்து அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் வெடித்திருக்கிறது, நான்தான் எண்ணாமல் விட்டுவிட்டேன் என்று தலையைச் சொறிவான்.

ஓவர்சியர் அர்த்தனாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எட்டு வருசத்தில் சென்றாயன் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டவனில்லை. அவன் வைத்த வெடியில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. காது மந்தமாகிவிட்டதோ? அப்படியானால் அவனை வைத்திருப்பதே ஆபத்து. இன்றைக்கே மலையை விட்டு இறக்கிவிட வேண்டியதுதான்.

அன்று கூடாரத்தில் உட்காராமல், வெடி நேரத்தில் ஆட்கள் ஒதுங்கும் ரோடு வளைவுக்கு மேலே போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு வெடி கேட்டதும் ஒரு சரளைக்கல்லைப் பொறுக்கினார். சத்தம் ஓய்ந்தபோது கையில் பன்னிரண்டு கல்.

கீழே சென்றாயன் குரல் கேட்டது. "பதினொண்ணுதான். ஆரும் நவுராதீங்க."

விறுவிறுவென்று இறங்கினார்.

"ஏப்பா, உனக்குக் காது கேக்குதா இல்லையா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"எத்தனை கேட்டுது?"

"பன்னண்டுங்க."

அர்த்தனாரிக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு எதற்கு இந்தப் பொய்?

சென்றாயன் வளைவோரத்து மரத்தைக் காட்டினான். கிளைகளில் நாலு சேலைத் தொட்டில்கள் வெறுமையாக ஆடின. கல் சுமக்கிற சென்னம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலை நேரத்துல தொட்டில் பக்கம் போகக் கூடாதுன்னு பத்து நாளைக்கு முந்தி உத்தரவு போட்டீங்க. உங்க பேச்சைத் தட்ட முடியுங்களா? அதானுங்க..."

ஓவர்சியரைக் கண்டதும் சென்னம்மாள் பதறி எழுந்தாள். மடியிலிருந்த பிள்ளை வீறிட்டது.

அர்த்தனாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உக்காரு கண்ணு. அரை மணி ஆக இன்னும் இருவத்தஞ்சு நிமிசம் கெடக்குது."